முப்பத்தெட்டு லோகநாதன்

வெள்ளானூர் லோகநாதனுக்கு ஊரில் இன்னொரு பெயர் ‘முப்பத்தெட்டு’. தீயணைப்பு நுரை தயாரிக்கிற அம்பத்தூர் கம்பெனி ஒன்றின் சோதனைத் திடலில் இருபது வருடமாகக் குழாய் பிடிக்கிறவர். தொட்டியில் விமான எரிபொருளை ஊற்றிப் பற்றவைப்பார்கள். இவர் நுரையை நேராக நடுவில் அடித்து முப்பத்தெட்டாவது விநாடியில் அணைப்பார். கல்யாணப் பந்தியில்கூட அதைச் சொல்லாமல் இலையை மடித்ததில்லை மனுஷன். வீட்டில் காஸ் அடுப்பைப் பற்றவைக்க மட்டும் பயம் என்று மனைவி சரசா சொல்லிச் சிரிப்பாள்.

அவர் இத்தனை வருடம் அடித்துவந்த அந்தப் பழைய நுரையில் ஒரு வில்லங்கம். அதிலிருக்கும் ரசாயனம் மண்ணிலும் தண்ணீரிலும் போய் உட்கார்ந்தால் லேசில் போகாது. மாற்றாக ஒரு புது நுரையைச் செய்ய ஆய்வுக்கூடத்து எழிலரசி இரண்டு வருடம் உழைத்திருந்தாள். ஒரு நிமிஷத்துக்குள் தீ அணைய வேண்டும். மூன்று வாய்ப்பு, மூன்றும் தவறினால் திட்டத்தை மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒப்பிடுவதில் ஓரவஞ்சனை கூடாதென்று பழசுக்கும் புதுசுக்கும் ஒரே குழாய், லோகநாதனின் ஒரே கை என்று விதி.

முதல் முறை அணையவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. எழிலரசியின் முகம் தொங்கிப்போனது. தன் முப்பத்தெட்டுக்கு ஆபத்தில்லை என்று லோகநாதனுக்கு உள்ளுக்குள் குஷிதான், மறைப்பானேன்? ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. அவர் வேகமாக அடித்த இடத்தில் நுரை எரிபொருளுக்குள் முங்கி, அதையும் பூசிக்கொண்டு மேலே வந்து எரிந்ததைப் பார்த்துவிட்டார்.

மதியம் சோறு இறங்கவில்லை. எழுந்துபோய் அவளிடம் சொன்னார்: “நொர நல்லாத்தான் கீது மேடம். என் கைதான் பழசு.”

மூன்றாம் முறை, தொட்டியின் பின்பக்கத் தகட்டில் அடித்து, இலையில் பாயசம் ஊற்றுகிற பதவிசோடு நுரையை வழியவிட்டார். ஐம்பத்தாறாவது விநாடியில் தீ அடங்கியது.

அடுத்து, எரிபொருள்மேல் படிந்த நுரைப் போர்வை மறுபடி தீப்பிடிக்க விடாமல் தாங்குமா என்று பார்க்க நடுவில் எரிகிற சட்டி ஒன்றை வைத்தார்கள். பழையது ஏழு நிமிஷத்தில் விட்டுக்கொடுத்துவிடும். புதியது பதினொன்று தாண்டியும் அசையவில்லை. அவசரத்துக்கே பிறந்த லோகநாதன் இரண்டாவது டீ குடித்தார்.

அறிக்கையில் முதல் இரண்டு தோல்விக்கும் காரணம் ‘தெளிப்பு முறை’ என்று எழிலரசி நாசூக்காக எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

“அது யாருக்குப் புரியும் மேடம்? வெள்ளானூர் லோகநாதன்னு முழுசா போடுங்க.”

அவள் தயங்கித் தயங்கி எழுதி முடித்தாள். கீழே ஐம்பத்தாறுக்கு எதிரேயும் அதே பெயரை முழுசாகப் போடச் சொன்னார்.