முட்டைக்குப் பதிலாகப் பதினொரு பேர்

எங்கள் தெருவில் அவரை முட்டையக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிடப் பெரியவர்களும் அப்படியேதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு" என்பார்.

கோழிப்பண்ணையில் முட்டைகளைத் தரம் பிரித்து அட்டையில் அடுக்கும் வேலைக்குத்தான் அவர் முதலில் சேர்ந்தார். பதினான்கு வருடம் அந்த மேசை முன்னால் நின்றார். ஒருநாள் பண்ணையின் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். ஏற்றிய லோடு அப்படியே நிற்கிறது. பண்ணைக்காரர் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார். "நான் ஓட்டறேன்" என்று அக்கா சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா பர்ஸைத் திறந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார். எட்டு மாதத்துக்கு முன்பே, கணவரைத் தவிர யாருக்கும் தெரியாமல், ஓட்டக் கற்றுக்கொண்டு வாங்கி வைத்திருந்தது. எதற்கு வாங்கினீர்கள் என்று பின்னால் நான் கேட்டிருக்கிறேன். "சும்மாதான். உட்கார்ந்து வேலை செய்ய ஆசையா இருந்துச்சு" என்றார்.

முதல் நடையில் அறுபத்துநான்கு முட்டைகள் உடைந்தன. இப்போதெல்லாம் பத்து உடைந்தாலே அன்று முழுக்க முகம் சுண்டிப்போய் இருக்கும்.

சில வருடங்களில் பண்ணையின் பழைய பிக்கப் வண்டியை அவரே வாங்கிக்கொண்டார். அதிகாலை மூன்றரைக்கு லோடு ஏற்றினால் ஆறு மணிக்குள் நகரத்து பேக்கரிகளில் இறக்கியாக வேண்டும். நடுவில் ஐம்பது கிலோமீட்டருக்குத் தெருவிளக்கே இல்லாத பாதை. வளைவுக்கு மேல் வளைவு. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஒரு பாலம். வண்டியின் முன்விளக்குக் கண்ணாடி மஞ்சள் பூத்துப்போனதால், வெளிச்சம் டீத்தண்ணி நிறத்தில் பத்தடிக்கு விழும், அவ்வளவுதான். "பள்ளம் எங்க இருக்குன்னு விளக்கு சொல்லாது, முட்டைதான் சொல்லும்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும், வளைவுகளில் தன் தோள் இறுகிப்போவதை அவர் வெளியே சொன்னதில்லை.

வீட்டில் அவரோடு இரண்டு பேர். கணவர் தையற்காரர், முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறார். இன்னொருவர் நாத்தனார், செல்போன் கடையில் வேலை. அண்ணியின் மேல் அந்தப் பெண்ணுக்கு உயிர். சம்பளம் கூடிய மாதம், போனில் தேடித் துழாவி, வெள்ளை வெளேரென்று எரியும் ஒரு ஜோடி பல்பை வரவழைத்தாள். அட்டைப்பெட்டியில் 'இரவைப் பகலாக்கும்' என்று போட்டிருந்தது. அவளே பத்து நிமிடத்தில் மாட்டியும் கொடுத்தாள்.

மறுநாள் காலை அக்காவுக்கு வாயெல்லாம் பல். சாலை சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சென்று இருந்தது. ஆனால் எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. சிலர் ஹாரனை விடாமல் அடித்தார்கள். ஒருவர் கண்ணாடியை இறக்கி அக்காவின் வம்சத்தையே இழுத்துவிட்டுப் போனார். இன்னொரு விசித்திரமும் இருந்தது. கிட்டத்தில் கண் கூசும் அளவுக்கு வெளிச்சம், மரத்தின் இலைகூட ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ஆனால் நாற்பதடி தள்ளி இருக்கும் பள்ளம் மட்டும் தெரியவில்லை. அன்று மட்டும் முப்பத்தொரு முட்டைகள் போயின.

"விளக்கு எப்படி அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள்.

"பட்டப்பகல் மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

பத்தாம் நாள், பாலத்தருகே பால் வேன் ஒன்று எதிரே வந்து, பாலத்துக்குள் நுழையாமல் குறுக்காக நின்றுவிட்டது. வேன்காரர் இறங்கி நடந்து வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று அக்கா மனத்தைத் திடப்படுத்திக்கொண்டார். அவர் திட்டவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் இறங்கி வாங்க. என் சீட்டுல உட்கார்ந்து பாருங்க."

"எதுக்குங்க?"

"சும்மா பாருங்க. நான் சொன்னா கோவம் வரும். பார்த்தா வராது."

அக்கா போய் அந்த வேனில் ஏறி உட்கார்ந்தார். எதிரே அவருடைய வண்டியே இல்லை. இரண்டு வெள்ளைக் குழிகள்தான் இருந்தன. பாலத்தின் கைப்பிடிச்சுவர் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது, எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடிய பிறகும் அந்த வெள்ளை போகவில்லை.

"பத்து நாளா இப்படியா வந்தீங்க?" என்றார் அக்கா.

"பாலத்துல கண்ணை மூடிக்கிட்டு வர்றேன்னு வீட்டுல சொன்னேன். நம்பலை."

அன்று சாப்பிடும்போது அக்கா நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் முகம் வாடியது.

"ஏன் அண்ணி முன்னாடியே சொல்லலை?"

"நீ ஆசையா வாங்கினது. எப்படிடீ சொல்றது?"

"கடையில ஒரு நாளைக்கு இருபது பேர்கிட்ட, 'பிடிக்கலைன்னா கொண்டு வாங்க, மாத்திக்கலாம்'னு சொல்றேன். என் வீட்டுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாதா?"

தையற்காரர் சிரித்ததில் புரை ஏறிவிட்டது. அத்தோடு விஷயம் லேசாகிப்போனது.

எங்கள் பக்கத்தில் வண்டிக்கு ஒயர் வேலை செய்கிறவர் ஒருவர் உண்டு. எதைக் கேட்டாலும் முதலில் "பொறுங்க" என்பார். அதனால் அவர் பெயரே பொறுங்கண்ணன் என்று ஆகிவிட்டது. அவர் வண்டியின் மூடியைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"பொறுங்க. பேட்டரியில கரண்டு நல்லாத்தான் கிளம்புது. விளக்கு வரைக்கும் போறதுக்குள்ள களைச்சுப்போயிடுது. ஒயர் பழசு, மெல்லிசு."

"அப்ப இந்த வெள்ளை பல்பு?"

"பல்பு மேல தப்பில்லை. அது உட்கார்ந்திருக்கற கூடு வேற பல்புக்காகச் செஞ்சது. அதான் வெளிச்சம் ரோட்டுல விழாம கண்டபடி சிதறுது."

இரண்டு நாள் வேலை. மஞ்சள் பூத்த விளக்குக் கூட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார். பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுத்து, நடுவில் ரிலே என்கிற ஒரு ஸ்விட்ச் வைத்தார். கூட்டுக்குப் பொருத்தமான பல்பைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும், தெருக்கோடி கிடங்குச் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, வெளிச்சம் எந்த உயரத்தில் விழ வேண்டும் என்று கணக்குப் பார்த்தார்கள். அளவு நாடாவும் சாக்குக் கட்டியும் தையற்காரருடையவை. துணியில் போடுவதுபோலவே சுவரிலும் நூல் பிசகாமல் கோடு போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அக்காவிடமிருந்து பொறுங்கண்ணனுக்குப் போன்.

"அண்ணே, ரோடு தெரியலை. காக்கா கூடுதான் தெரியுது. வழியெல்லாம் காக்காவை எழுப்பிவிட்டுக்கிட்டே வந்தேன்!"

"பொறுங்க..." என்றார். பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "காலி வண்டியில வெச்சுப் பார்த்துட்டோம்! லோடு ஏறினா பின்னாடி அமுங்கும், மூக்கு மேல தூக்கும். பன்னிரண்டாயிரம் முட்டை என்ன எடை வரும்?"

"அட்டையோட எழுநூத்தி இருபது கிலோ."

பண்ணை வாசலோ ஏற்ற இறக்கமான இடம். அங்கே சுவரும் இல்லை. முட்டையை இங்கே கொண்டுவந்து காக்க வைக்கவும் முடியாது. முட்டைக்கு ஈடான எடைக்கு மணல் மூட்டைக்கு எங்கே போவது என்று அவர்கள் வாசலில் யோசித்துக்கொண்டிருந்தபோது, நாத்தனார் தெருவை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூட்டை எதுக்கு? இத்தனை பேர் இருக்கோமே!"

அப்படித்தான் அன்று சாயங்காலம் நாங்கள் முட்டையானோம்.

தையற்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் எடையாகக் கேட்டு எழுதினார். நான் ஐம்பத்தெட்டு என்றேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"போன மாசம்தான் உங்களுக்கு ஜாக்கெட் அளவெடுத்தேன்."

"சரி, அறுபத்தஞ்சு" என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் பொய் சொல்லத் துணியவில்லை. தெருவில் எல்லோருடைய அளவும் அவர் நோட்டில் இருக்கிறது. ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் எடையைச் சொல்லாமல், "நான் ரெண்டு பேருக்குச் சமம், அப்படியே போட்டுக்க" என்று முதல் ஆளாக ஏறி மூலையில் உட்கார்ந்தார். பத்துப் பேர் ஏறியும் கொஞ்சம் குறைந்தது. நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாவி ஏறினாள். பதினொன்று.

"முட்டை எங்கெங்க இருக்குமோ அங்கங்க உட்காருங்க. முன்பக்கம் நாலு பேர் நகருங்க" என்றார் பொறுங்கண்ணன், ஸ்குரூ டிரைவரோடு முன்னால் குனிந்தபடி. "யாரும் அசையக் கூடாது."

விளக்கு எரிந்தது. சுவரில் சாக்குக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே வெளிச்சத்தின் விளிம்பு நின்றது. தபால்காரர், "அடைகாக்கக் கோழி எப்ப வரும்?" என்று கேட்டார். யாரோ களுக்கென்று சிரிக்க, வண்டி குலுங்கியது. சுவரில் வெளிச்சமும் குதித்தது.

"சிரிக்காதீங்க! பொறுங்க!"

அவர் பொறுங்க என்றதும் மொத்தப் பேரும் சிரித்துவிட்டோம். வெளிச்சம் சுவரில் மேலும் கீழும் ஆட்டம் போட்டது. அக்கா டிரைவர் சீட்டில் ஸ்டியரிங்கின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். ஹாரன் அமுங்கி, கிடங்குக் காவலாளி ஓடி வந்தார். எல்லாம் அடங்கி, விளிம்பு இறங்கி, சரியாகக் கோட்டின் மேல் வந்து படிய முக்கால் மணி நேரம் ஆனது. கால் மரத்துப்போய், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இறங்கினோம்.

"காலி வண்டியா திரும்பும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டத்துலதான் விழும்" என்றார் பொறுங்கண்ணன்.

"திரும்பும்போது விடிஞ்சிருக்குமே" என்றார் அக்கா.

மறுநாள் அதிகாலை கணவரும் கூடப் போனார். அந்தப் பயணத்தை அக்கா எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். வெளிச்சம் பாய் விரித்த மாதிரி தரையோடு தரையாகப் போனதாம். பள்ளம் வருவதற்கு முன்பே அதன் நிழல் தெரிந்ததாம். ஒன்பது வருடமாகப் போய்வந்த பாதையில் ஓரத்து வெள்ளைக் கோட்டை அன்றுதான் பார்த்தாராம். பாலத்தை எட்டியபோது எதிர்க்கரையில் பால் வேன் காத்து நின்றது. இந்த முறை அதன் விளக்கு ஒரே ஒரு தடவை மென்மையாகத் தணிந்து எழுந்தது. பாலத்தைக் கடந்து பக்கத்தில் வந்ததும் வேன்காரர் தலையை நீட்டினார்.

"அக்கா, உங்க முகம் இப்பத்தான் தெரியுது. யார்கிட்ட செஞ்சீங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் அதே சுவருக்கு வந்தார். நாங்களும் ஆவலோடு போய் நின்றோம். அவரோ கேன்களில் தண்ணீரை நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்; எங்களுக்கு வேலை இல்லாமல் போனது. தபால்காரருக்குப் பெரிய ஏமாற்றம்.

அன்று, கணவரோடு போன அந்த நாளில், கடைசி பேக்கரியில் இறக்கி முடித்து எண்ணியபோது இரண்டே இரண்டு முட்டைகள்தான் உடைந்திருந்தன. அதில் ஒன்று, கயிற்றை இழுப்பதாக நினைத்துத் தையற்காரர் அட்டையைப் பிடித்து இழுத்ததால் உடைந்தது. அக்கா அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பேக்கரிக்காரர் மணியைப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் முன்னால் வந்துவிட்டீர்களே என்றார். இருவரும் பிக்கப்பின் பின்கதவை இறக்கி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த சூடான பன்னை டீயில் தோய்த்துத் தின்றார்கள். தையற்காரர் மெல்ல அக்காவின் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன, அளவெடுக்கறீங்களா?" என்றார் அக்கா.

"இல்லை, லேசாயிருக்கு" என்றார் அவர்.