சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே

அந்த மேக்கப் அறையின் கதவு நிலையில் ஒரு சாக்பீஸ் கோடு இருந்தது. அழிய அழிய யாராவது மறுபடி இழுத்து வைப்பார்கள். சிறுவர்களே நடித்த அந்தக் கன்னடக் காமெடி நிகழ்ச்சிக்கு அதுதான் சட்டம். தலை கோட்டைத் தாண்டினால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். திட்டுவதில்லை, காரணம் சொல்வதுமில்லை. போன் வராது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீராம்புரத்திலிருந்து ஞாயிறுதோறும் அம்மா என்னையும் அக்காவையும் பஸ்ஸில் கூட்டிப் போவாள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்த எங்களுக்கு வசனம் ஒரு பாரமே இல்லை. கண்டக்டர், தலைமையாசிரியர், மாமனார் எல்லாம் நாங்கள்தான். ஒட்டு மீசையோடு, தொளதொள பேண்ட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தாலே கேமராக்காரர்கள் சிரிப்பார்கள். "சின்னப் புள்ளைக்கு மீசை வெச்சா காமெடி. வளந்ததுக்கு வெச்சா அதுல என்னம்மா இருக்கு?" என்பார் டைரக்டர் சார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வராது. மீசையை எடுக்கும்போது வலிக்கக் கூடாதென்று தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தொட்டு அவரே மெல்ல உரித்துவிடுவார்.

எனக்கு அங்கே கிடைத்த பன்னும் பாதாம் பாலும் போதும். அக்கா அப்படியில்லை. வீட்டில் வாயே திறக்காதவள், நாலு பேர் சிரிக்கும் அந்தச் சத்தத்துக்காக வாரம் முழுவதும் காத்துக் கிடந்தாள். பன்னிரண்டு வயதில் அவள் மளமளவென்று வளர ஆரம்பித்ததும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பால் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று தட்டைத் தள்ளினாள். ஊரில் எந்தத் தாயும் செய்யாததை எங்கள் அம்மா செய்தாள். எண்ணெய் வழிய அக்காவின் முடியைத் தலையோடு அழுத்திப் பின்னிவிட்டு, "கொஞ்சம் முட்டிய மடக்கிக்கோடி, பாவாடைக்குள்ள யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். அக்கா மடக்கினாள். தோளைக் குறுக்கினாள். கூன் விழுந்த வேடங்களாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்கும் சிரித்தார்கள். இப்படியே பல மாதம் ஓட்டினாள். இப்போது நினைத்தால் எனக்குத்தான் அலுப்பாக இருக்கிறது.

ஒருநாள் அவளுக்கு இன்ஸ்பெக்டர் வேடம், நான் கான்ஸ்டபிள். "இன்ஸ்பெக்டர் கூன் போடுவாராம்மா? நிமிந்து நில்லு" என்றார் சார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள். நான் சல்யூட் அடித்த கை அவள் தோளுக்குத்தான் வந்தது. மீசையோடு அவ்வளவு உயரத்தில் நின்றவளைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சார் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு வந்து அந்த மீசையை எடுத்தார். "சென்னாகி வளந்துட்டே, புட்டி" என்றார் கன்னடம் கலந்து, நன்றாக வளர்ந்துவிட்டாய் குட்டி என்று, ஆசையாகத்தான்.

அடுத்த முறை பக்கத்து வீட்டுப் போனில் என்னை மட்டும் அழைத்தார்கள். அக்காதான் எனக்குத் தலை பின்னி அனுப்பினாள். அதற்குப் பிறகு நான் நடித்ததெல்லாம் கடனே என்றுதான். என் தலை கோட்டைத் தொட்ட அன்று அப்பாடா என்றிருந்தது.

இப்போது ஈஜிபுராவில் என் வாடகை வீட்டின் கதவு நிலையிலும் கோடுகள் இருக்கின்றன. என் மகள் தன் உயரத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டே இருக்கிறாள், எப்போது வளர்வோம் என்ற அவசரம் அவளுக்கு. போன வாரம் அக்கா வந்திருந்தாள். நான் ஆபீஸ் களைப்பில் சோபாவில் சாய்ந்து கிடந்தேன். "பெரியம்மா, நீயும் வந்து நில்லேன்" என்று மகள் அவளை இழுத்துப் போனாள். அக்கா சிரித்துக்கொண்டே நிலையில் முதுகை வைத்தாள். வைத்ததும் தோள் இரண்டும் முன்னால் குறுகின, தலை தாழ்ந்தது, சேலைக்குள் முட்டி மடங்குவது எனக்குத் தெரிந்தது. மகள் அங்கேயே கோட்டைப் போட்டாள்.

"நிமிந்து நில்லுக்கா" என்றேன்.

"நிமிந்துதான்டி நிக்கறேன்" என்றாள்.