மையர் பரம்பரை

மகள் தொலைபேசியில் அந்த விடயத்தைச் சொன்னபோது சனிக்கிழமை காலை. நான் நோர்வேயில், அம்மருட் என்ற புறநகரில், எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதற்கு அதுதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.

“அப்பா, பேபியின்ர எத்தர்நாவ்ன் என்ன எண்டு அடுத்த கிழமை ஞாயிறு முடிவெடுக்கப்போறம். நீங்களும் அம்மாவும் திராமனுக்கு வாங்கோ. சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கதைப்பம்.”

திராமன் மகள் குடியிருக்கும் ஊர், எத்தர்நாவ்ன் என்றால் குடும்பப்பெயர். பிறக்கப்போகும் குழந்தைக்கு இரண்டில் ஒன்று. மருமகனுடைய ஜேர்மன் குடும்பப்பெயரான மையர், அல்லது மகளுடைய குடும்பப்பெயர். மகளுடைய குடும்பப்பெயர் என்பது என் பெயர். என் சொந்தப் பெயர். என் தாய் என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட பெயர்.

“உங்கட விருப்பம் பிள்ளை, எனக்கென்ன” என்றேன். சொல்லி முடிக்க முன்பே கத்தியை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்துவிட்டேன்.

எங்களிடம் குடும்பப்பெயர் என்ற பொருள் கிடையாது. தகப்பன் பெயர், தன் பெயர், இரண்டோடு சரி. நோர்வேக்கு வந்தபோது அதிகாரி படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருப்பதைக் கண்டு வருத்தப்பட்டார். அவரைச் சமாதானப்படுத்த என் தகப்பனாரின் பெயரை அதில் இறக்கி வைத்தேன். பிறகு மனைவி வந்தாள், அவளுடைய கட்டத்தில் என் பெயர். மகள் பிறந்தாள், அவளுக்கும் என் பெயர். ஆக, ஒரே கதவில் இரண்டு குடும்பப்பெயர்கள். எங்கள் தபால்காரர் வெகு நாட்களாக அந்தத் தாயும் மகளும் ஒரு குடும்பம், நான் அவர்களிடம் வாடகைக்கு இருப்பவன் என்று நினைத்திருந்தார். அவர் நினைத்தது முழுக்கத் தவறு என்றும் சொல்லமுடியாது.

பெயரும் சின்னப் பெயர் இல்லை. நோர்வே தாதிமார் அதைக் கூப்பிட முன் ஒருதரம் மூச்சை உள்ளே இழுப்பார்கள். அந்த மூச்சுச் சத்தம் கேட்டதுமே என் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

இந்த நாட்டில் ஒரு குடும்பப்பெயரை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று இணையத்தில் பார்க்கலாம். என் பெயரைப் போட்டேன். மூன்று பேர் அல்லது அதற்கும் குறைவு என்று வந்தது. எண்ணிக்கை சொல்லும் அளவுக்குக்கூட இல்லை. காட்டில் கடைசி இரண்டு ஓநாய்களைப் பற்றி எழுதுவதுபோல எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு ஓநாய்களில் ஒன்று அப்போது என் பின்னால் நின்று, வெங்காயம் எங்கே என்று கேட்டது.

பிறகு மையரைப் போட்டேன். எதிரியை அறிந்துகொள்வோமே என்ற எண்ணத்தில்தான் தொடங்கினேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அரைமணி நேரத்தில் நான் எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயரின் வேர் லத்தீனில் ‘பெரியவர்’ என்ற சொல். நகரபிதாவை மேயர் என்கிறோமே, அந்தச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். பழைய ஜேர்மனியில் ஒரு பிரபுவுக்கோ மடத்துக்கோ ஏராளம் நிலம் இருக்கும். அதை மேற்பார்த்து, குடியானவர்களிடம் விளைச்சலில் பங்கு வாங்கி, சண்டை சச்சரவு தீர்த்து, ஊரைக் கட்டி மேய்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மையர். பதவி பெயராகி, பெயர் பிள்ளைகளுக்குப் போய், பரம்பரை ஆகிவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. நிலம், வரி, வழக்கு, ஊர். “இஞ்சரும்” என்று மனைவியைக் கூப்பிட்டேன். “மருமகன்ர ஆக்கள் ஆர் தெரியுமோ? விதானையார்மார்.”

“ஆர்?”

“விதானையார். ஊர்த் தலைமை. ஜேர்மன் விதானையார்.”

“அந்தப் பிள்ளை சைக்கிளுக்குக் காத்தடிக்கத் தெரியாமல் போன கிழமை உங்களைக் கேட்டது” என்றாள் அவள். வரலாற்று உணர்வு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அன்று பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து அக்கா எடுத்தாள். மகள் பதிவுத் திருமணம் செய்த நாளிலிருந்து அக்கா என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுவருகிறாள். அவையள் என்ன ஆக்கள். இந்தக் கேள்வியில் சாதி என்ற சொல் வராது, வரத் தேவையும் இல்லை. ஜேர்மன்காரர், அக்கா என்பேன் நான். அது தெரியும், ஜேர்மன்காரரிலை என்ன ஆக்கள் என்பாள். நான் ஒவ்வொரு தடவையும் சாதி ஒழிப்பைப் பற்றிச் சிறிய சொற்பொழிவு ஒன்று ஆற்றுவேன். இங்குள்ள தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாக்களில் அதையே நீட்டிப் பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

அன்று சொற்பொழிவு வரவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“அக்கா, விதானையார் பரம்பரை.”

அக்கா உடனே, “நான் அப்பவே நினைச்சனான்” என்றாள். “கலியாணப் படத்திலை அந்தப் பெடியன் நிக்கிற நிலையிலேயே தெரிஞ்சது. காணிபூமி எவ்வளவு இருந்ததாம்?”

“ஒரு மடத்து நிலம் முழுக்க.”

மருமகனின் முன்னோர் எந்த ஊர், எந்த மடம் என்று எனக்கு ஒரு சொட்டும் தெரியாது. ஆனால் சொல்லும்போது அந்த மடத்து மதிலே என் கண்ணில் தெரிந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே செய்தி லண்டன், பாரிஸ் எல்லாம் சுற்றி எனக்கே வந்து சேர்ந்துவிட்டது. வரும் வழியில் மையர் முன்னோருக்கு இரண்டு குதிரைகளும் ஒரு நீதிமன்றமும் கிடைத்திருந்தன.

அந்தக் கிழமை முழுவதும் என் மனம் இரண்டாகக் கிடந்தது. பேரப்பிள்ளைக்கு என் பெயர் வரவேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். அது இந்த முறை போனால் போனதுதான், எனக்கு வேறு பிள்ளை இல்லை. மறுபக்கம், விதானையார் பெயரை வேண்டாம் என்று சொல்ல அக்காவின் தம்பிக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை மின்தூக்கியில் மூன்றாம் மாடித் தம்பி ஏறினான். தமிழ்நாட்டுப் பிள்ளை, கணினி வேலை, இங்கே வருவதற்கு முன் ஜேர்மனியில் இருந்தவன். அவனிடம் மையர் என்ற பெயரைப் பற்றிக் கேட்டேன். பக்குவமாக, போகிறபோக்கில் கேட்பதுபோல.

“மையரா சார்? எங்க டீம்லயே நாலு பேர் இருந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஸ்பெல்லிங் வேற, கூப்பிட்டா எல்லாம் ஒரே சத்தம். ஒருத்தரைக் கூப்பிட்டா நாலு பேரும் திரும்புவாங்க. ஹவுஸ் ஓனரும் மையர். பல் டாக்டரும் மையர்.”

“எல்லாரும் சொந்தக்காரரோ?”

“அய்யோ, இல்ல சார். நம்ம ஊர்ல குமார் மாதிரி.”

ஒன்பதாம் மாடிக்கு நான் தனியாக ஏறிப்போனேன். மீண்டும் கணினி. அவன் சொன்னது சரிதான். வடக்கில் ஒரு எழுத்து, தெற்கில் வேறு எழுத்துகள், எல்லாவற்றையும் கூட்டினால் அந்த நாட்டில் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. மேட்டில் இருந்தவன் மேட்டு மையர், பள்ளத்தில் இருந்தவன் பள்ளத்து மையர் என்று ஒட்டுப் பெயர்கள் வேறு. காலப்போக்கில் மேற்பார்வை செய்தவன் போய், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதவனையும் மையர் என்றே அழைத்திருக்கிறார்கள். இதை நான் முதல் நாளே வாசித்திருக்கவேண்டும். அதே பக்கத்தில், அடுத்த பந்தியில்தான் இருந்தது. மனிதன் தனக்குப் பிடித்த பந்தியோடு நிறுத்திக்கொள்கிறான்.

இத்தனை விதானையார்கள் இருந்திருந்தால் ஜேர்மனியில் வயல் உழுதது யார் என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் வந்தது. ஆனாலும் உற்சாகம் குறையவில்லை. நிறையப் பேர் இருக்கும் கூட்டத்தில் நல்லவன் ஒருவன் நம்முடையவனாக இருக்கக்கூடாதா என்று வாதாடிக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. திராமன் ரயிலில் மனைவி கோழிக்கறிச் சட்டியை மடியில் வைத்திருந்தாள், நான் அச்சடித்த தாள்களை மடியில் வைத்திருந்தேன்.

“முதல் சாப்பிடுங்கோ, பிறகு உந்த ஆராய்ச்சி” என்றாள் மகள். வயிறு மேசையில் முட்டாமலிருக்கக் கதிரையைத் தள்ளிப்போட்டிருந்தாள். நான் முதலில் ஆராய்ச்சியைத்தான் தொடங்கினேன். மடம், நிலம், வரி, வழக்கு. மருமகனுடன் நாங்கள் பேசுவது நோர்வேஜிய மொழியில். அவனுக்குத் தெரிந்த தமிழ், ‘மாமா’, ‘மாமி’, ‘இன்னும் கொஞ்சம்’ என்பவை. என் நோர்வேஜிய மொழியில் மடத்து நிர்வாகத்தை விளக்குவது சுலபமில்லை. கையை ஆட்டியபோது சொதி கொஞ்சம் சிந்தியது. உன்னுடைய முன்னோர் பெரிய மனிதர்கள் என்று முடித்தேன்.

அவன் கடைசிவரை கேட்டான். பிறகு, “மாமா, அது அழகான கதை” என்றான். “ஆனால் மையர் எங்கள் பெயர் இல்லை.”

அவனுடைய தாத்தா இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு கிழக்கிலிருந்து நடந்து வந்தவராம். தோளில் ஒரு மூட்டை. தங்க வைத்த ஊருக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவருடைய பெயர் போலந்துப் பக்கத்துப் பெயர். ஊராரால் அதை உச்சரிக்க முடியவில்லை, முடிந்தவர்களும் சிரிப்பதற்காகத்தான் உச்சரித்தார்கள். மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லியே அடித்தார்கள். அவர் அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் எழுதினார். என்ன பெயர் வேண்டும் என்று கேட்டபோது, இந்தத் தெருவில் எந்தப் பெயர் அதிகம் என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

“மையர் என்றால் எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்” என்றான் மருமகன். “பழைய பெயரை அவர் எங்களிடம் சொல்லவேயில்லை. அப்பா அப்போது கைக்குழந்தை, மூத்தவர்களும் சொல்லாமலே போய்விட்டார்கள். காகிதமும் இல்லை.”

நான் தாள்களை மடித்துக் கதிரைக்குக் கீழே வைத்தேன்.

“அதுதான் இவருக்கு மையர் வேண்டாமாம்” என்று மகள் தமிழில் சொன்னாள். “பேபிக்கு உங்கட பேர்தான் வேணுமாம். தனக்கும் அதையே எடுக்கப்போறாராம். நான்தான் ஏலாது எண்டு நிக்கிறன்.”

“நீயோ?”

“ஓம், நான்தான். ஒண்டாம் வகுப்பிலையிருந்து அந்தப் பேரை ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிக் களைச்சிட்டன், அப்பா. வேலைக்கு எழுதிப் போட்டா, பேரைப் பாத்துட்டு எத்தினை பேர் திருப்பி எடுக்கேல்லை எண்டு உங்களுக்குத் தெரியாது. நான் உங்களுக்குச் சொல்லேல்லை. என்ர பிள்ளை மையரா இருக்கட்டும். ஆரும் ஒண்டும் கேக்காமல் இருக்கட்டும்.”

எனக்கு இது தெரியாது. அவளுடைய பெயராக என் பெயர் முப்பது ஆண்டுகள் இந்த நாட்டில் என்ன பாடுபட்டது என்று நான் கேட்டதே இல்லை. எனக்கு ஆசை இருந்தது, அவளுக்கு அனுபவம் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். உன் விருப்பம் என்று இந்த முறை உண்மையாகவே சொல்லப்போனேன்.

அதற்குள் மனைவி சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள்.

“அவரை என்னத்துக்குக் கேக்கிறாய்? அவரின்ர எத்தர்நாவ்ன் உன்ர அப்பப்பான்ர பேர். இந்தப் பேரோட இருக்கிறது நீயும் நானும். நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிப்பம்.”

சட்டப்படி மறுக்க எதுவும் இல்லை. நான் அப்பளத்தை எடுத்துக்கொண்டேன்.

“பாட்ஸ்பியோர்டிலை மீன் வெட்டினனாங்கள் எல்லே” என்று அவள் மகளிடம் சொன்னாள். நோர்வேயின் வடக்கு முனையில் இருக்கும் அந்த ஊர்த் தொழிற்சாலையில் எங்கள் திருமண வாழ்க்கை தொடங்கியது, கையில் கத்தியும் காலில் ரப்பர் சப்பாத்துமாக. “மேற்பார்வைக்காரி இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா இவர்தான் திரும்புவார். வந்து ரெண்டு மாசம், எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆரோ இவரைக் கூப்பிடுகினம் எண்டு பேசாமல் நிப்பன். பிறகு ஒருநாள் அவள் கிட்ட வந்து, என்ர தோளைத் தொட்டு, இவரின்ர பேரை என்னைப் பாத்துச் சொன்னாள். மெல்ல, பிழையில்லாமல். வீட்டிலை எழுதி வச்சுப் பாடமாக்கினவளாம். அண்டைக்குத்தான் இது என்ர பேர் எண்டு நினைச்சனான்.”

மகள் கதிரையைத் தாயின் பக்கம் திருப்பினாள்.

“உன்னை ஆரும் அப்பிடிக் கூப்பிடேல்லை, அது பிழைதான்” என்றாள் மனைவி. “மையர் எண்டு வை, நான் கோவிக்கமாட்டன். ஆனா அந்தக் கிழவன் தன்ர பேரை ஒளிச்சு வச்சுச் செத்துப்போனார். இந்தப் பிள்ளை இண்டைக்கும் அதைத் தேடுது. அதையும் யோசி.”

மருமகனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. யாருக்கோ ஏதோ நடக்கிறது என்று மட்டும் புரிந்து, எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினான். மகள் அவனுடைய முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

“நீ அப்பான்ர பேரை முழுக்கச் சொல்லு பாப்பம். நிப்பாட்டாமல்.”

அவன் கரண்டியை வைத்தான். நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான். நடுவில் வரும் ழகரத்தில் ஒருமுறை கால் தடுக்கியது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். இரண்டாம் தடவை தடுக்கவில்லை. பல நாள் பழகியிருக்கிறான் என்பது கேட்டவுடன் தெரிந்தது. எனக்குத் தெரிந்து என் பெயரை அவ்வளவு கவனமாக யாரும் சொன்னதில்லை, நான் உட்பட.

“பிள்ளைக்கு ஆரும் பிழையாச் சொன்னா நீதான் போய்த் திருத்தவேணும்” என்றாள் மகள். “பள்ளிக்கூடத்திலை, டொக்டரிட்டை, எல்லா இடத்திலையும். நான் இனி ஒரு எழுத்தும் சொல்லிக் குடுக்கமாட்டன்.”

“சரி” என்றான் அவன்.

குழந்தைக்கான படிவத்தை அது பிறந்த பிறகுதான் அனுப்பலாம். அவனுடைய பெயர் மாற்றப் படிவத்தை அன்றே அனுப்பலாம். மேசையைத் துடைக்க முன்பே மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தான். நான் எழுந்து அவனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். தட்டி முடித்துத் தாயையும் மகளையும் பார்த்தான். இரண்டு பேரும் குனிந்து வாசித்துத் தலையாட்டினார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவன் அனுப்பினான்.