சனோபர் வைத்த பழத்தட்டு

சனோபரும் நானும் இருபத்திரண்டு வருஷமாக ஒரே கொட்டகையில் இறால் உரிக்கிறோம். ஈரான் கடற்கரையில், எங்கள் கங்கானில் இறால் உரிக்கிற பெண்களைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம், சுட்டுவிரல் நகம் ஒருத்திக்கும் ஒழுங்காக இருக்காது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் வெங்காயம் வதக்கினால் என் கண் எரியும். ஆகவே அவளைப் பற்றிப் பேச எனக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.

பிடிவாதக்காரி. அவளுடைய ஒரே பிள்ளை குதாதாத் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். ஒரு கையில் அடங்குகிற பிள்ளை. நாற்பது நாள் தாண்டட்டும், அப்புறம் பேர் வைக்கலாம் என்று மருத்துவச்சி பக்குவமாகச் சொன்னாள். சனோபர் அன்று சாயங்காலமே பேர் வைத்துத் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தனுப்பினாள். இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசினோம். நானும்தான் பேசினேன். அவள் பிள்ளையைப் பஞ்சில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு இரண்டு மாதம் கிடந்தாள். பிழைத்துவிட்டான். வளர்ந்து, கதவு நிலையில் தலை இடிக்கிற ஆளாகவும் ஆனான். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு நினைப்பு, தான் ஒத்துக்கொள்ளாத சாவு நடக்காது என்று.

இந்தக் குளிர்காலத்தில் அவன் போன தோணி, கத்தாருக்கு வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு போனது, வாடைக்காற்றில் மாட்டிக்கொண்டது. தோணியில் ஆறு பேர். இரண்டு உடல் கரைக்கு வந்தது. ஒரு வாரம் கழித்துப் பலகைகள் ஒதுங்கின. குதாதாதும் இன்னும் மூன்று பேரும் வரவே இல்லை. தேடப்போன படகுகள் இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டன. மற்ற மூன்று வீட்டிலும் அழுது, இறந்தவனுக்கான பாத்திஹா ஓதி, கறுப்பு உடுத்திவிட்டார்கள். சனோபர் மட்டும் ஓதவிடவில்லை. எதிர்க்கரையில் ஏதாவது ஆஸ்பத்திரியில் பேர் ஊர் தெரியாமல் படுத்திருப்பான், நினைவு வந்ததும் சொல்லியனுப்புவான் என்று சாதித்தாள். அவள் புருஷன் ஹைதர் முப்பது வருஷம் தோணியில் போனவன். அவனிடம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான். அந்தக் கடல் அவனுக்குத் தெரியும்.

மருமகள் நாஹீதுக்கு இருபது வயது. கல்யாணமாகி எட்டு மாதம். பலகை ஒதுங்கிய அன்று அந்தப் பெண் வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டாள். எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. உடனே சனோபரின் குரலும் கேட்டது.

"அழாத. இந்த வீட்ல யாரு அழுதாலும் அவன் செத்துட்டான்னு ஆயிடும். வாய மூடு."

அத்தோடு சத்தம் நின்றது. பிறகு எழுபது நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு விசும்பல்கூட வரவில்லை. நான் இரவெல்லாம் சுவரில் காது வைக்கிற ரகம், எனக்குத் தெரியாமல் அழுதிருக்க முடியாது.

நவ்ரோஸ் வந்தது, வசந்தத்தில் பிறக்கும் எங்கள் புத்தாண்டு, இதையும் நாங்கள் ஈது என்றுதான் சொல்வோம். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு, அதற்கடுத்து வரும் முதல் ஈதன்று ஊர் முதலில் அங்கேதான் போகும். கறுப்பு உடுத்திப் போகும். தேநீரும் பேரீச்சம்பழமும் மட்டும் வைப்பார்கள். பழத்தட்டு, பாதாம் பிஸ்தா, இனிப்பு எதுவும் கிடையாது. பாத்திஹா ஓதிவிட்டு, வீட்டுப் பெரியவர் துக்கக்காரர்களுக்கு ஆளுக்கொரு வண்ணத்துணி கொடுத்து, போதும், கறுப்பைக் கழற்றுங்கள் என்பார். அதற்குப் பிறகு போனவன் போனவன்தான்.

ஈதுக்கு இரண்டு நாள் முன்னால் ஹைதரின் அண்ணன் ஹாஜி லுக்மானின் மனைவி போன் பண்ணினாள். ஈதன்று காலை பத்து மணிக்கு எல்லோரும் வருகிறோம், நீ ஒன்றும் செய்ய வேண்டாம், பேரீச்சம்பழம் நாங்களே கொண்டுவருகிறோம் என்றாள். சனோபர் போனை வைத்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"ஷௌகத்து, என் பிள்ளைய அடக்கம் பண்ண வர்றாங்க. கடைக்கு வா, பழம் வாங்கணும்."

எனக்கு உடனே புரிந்தது. பழத்தட்டு வைத்த வீட்டில் பாத்திஹா ஓத முடியாது. வந்தவர்கள் அதிலிருந்து ஒரு பழம் எடுத்து வெட்டித் தின்றுவிட்டால், அது ஈது கொண்டாடுகிற வீடு. பிள்ளை உயிரோடு இருக்கிற வீடு. இது வேலைக்காகாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு ஊரில் நல்ல பேர் உண்டு, வேண்டிய நேரத்தில் மட்டும் திறக்காது.

முதல் கடைக்காரன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். அல்லா உங்களுக்குப் பொறுமை கொடுக்கட்டும் என்று சொல்லி, தலையைக் குனிந்துகொண்டே ஆரஞ்சைப் பொறுக்கினான். சனோபர் பையை வாங்கி அவன் குவியலிலேயே திருப்பிக் கொட்டிவிட்டு நடந்தாள். இரண்டாவது கடையிலும் அதே பொறுமை. மூன்றாவது கடைக்கு அவளை அனுப்பாமல் நான் போனேன். துக்க வீட்டுக்கா என்று கேட்டான். கல்யாண வீட்டுக்கு என்றேன். அவனும் சந்தோஷமாக, உள்ளே வைத்திருந்த பெட்டியைத் திறந்து நல்லதாக எடுத்துக் கொடுத்தான். ஆரஞ்சு, சிவப்பு ஆப்பிள், வாழைப்பழம், ஸ்ட்ராபெரி, விரல் நீள வெள்ளரிப்பிஞ்சு. மாப்பிள்ளைக்கு என் துஆவைச் சொல்லுங்கள் என்றான்.

புத்தாண்டு இந்தத் தடவை பிறந்தது காலை ஆறரைக்கு. ஏழு மணிக்கு நான் போனபோது சனோபர் பச்சைச் சட்டையில், தரையில் உட்கார்ந்து ஆப்பிளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் முகம் தெரிகிற மாதிரி துடைத்தாள். நாஹீத் பூப்போட்ட சிவப்பு உடையில் வெள்ளரிப்பிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த உடை கல்யாணத்துக்குத் தைத்தது, இப்போது தோளில் நிற்கவில்லை. இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

எங்கள் வீடுகளில் பழம் அடுக்குவது விளையாட்டு இல்லை. கால் வைத்த கண்ணாடிக் கிண்ணத்தில் ஆரஞ்சு அடியில், ஆப்பிள் அதற்கு மேல், சந்துகளில் வெள்ளரியைச் செருகி நிறுத்தி, உச்சியில் வாழைச் சீப்பைக் கவிழ்க்க வேண்டும். விருந்தாளி உள்ளே வந்ததும் கண் அதில்தான் விழும். கொட்டகையிலேயே கை வேகம் உள்ளவள் சனோபர். ஆனாலும் அன்று இரண்டு தடவை கோபுரம் சரிந்து ஆரஞ்சு அறை முழுக்க ஓடியது. நாஹீத் முழங்காலில் போய்ப் போய்ப் பொறுக்கிக் கொடுத்தாள். மூன்றாம் தடவை நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். போதும், அழகாக இருக்கிறது என்று சொல்லியும் அவள் விடவில்லை, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று ஏற்றிக்கொண்டே இருந்தாள். பயத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஹைதர் கறுப்புச் சட்டையில் வெளியே வந்தான். சனோபர் அந்தச் சட்டையையே பார்த்தாள். அவன் உள்ளே போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பொத்தான் ஒன்று மாறியிருந்தது.

பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். பதினொரு பேர், தலை முதல் கால் வரை கறுப்பு. சனோபர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சத்தமாக ஈத் முபாரக் சொன்னாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் ஆளாளுக்கு மென்று விழுங்கினார்கள். ஹாஜியின் மருமகன் மட்டும் பழக்கதோஷத்தில், உங்களுக்கும் நூறு ஈது காணக் கிடைக்கட்டும் என்று சொல்லித் தொலைத்தான். அவன் பெண்டாட்டி இடுப்பில் கிள்ளியதை நான் பார்த்தேன். ஹாஜியின் மனைவி பேரீச்சம்பழ டப்பாவை நீட்டினாள். சனோபர் நன்றி சொல்லி வாங்கி, சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

எல்லோரும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். கிண்ணம் நடுவில் இருந்தது. அதைப் பார்த்ததும் ஹாஜி லுக்மான் கையிலிருந்த துணி மூட்டையை மெல்ல முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கறுப்பே உடுத்தாதவளிடம் கறுப்பைக் கழற்று என்று எப்படிச் சொல்வார்?

நாஹீத் ஆளுக்கொரு சின்னத் தட்டும் கத்தியும் வைத்தாள். சனோபர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் ஹாஜியிடம் குனிந்தாள். அவர் நெஞ்சில் கை வைத்து வேண்டாம் என்றார். மூன்று தடவை உபசரித்தாள், மூன்று தடவையும் மறுத்தார்.

"சக்கர இருக்கும்மா எனக்கு."

"வெள்ளரிப்பிஞ்சுல ஏது சக்கர? எடுங்க ஹாஜி."

அவர் ஒரு வெள்ளரியை எடுத்துத் தட்டில் வைத்தார். அவர் எடுத்ததைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். ஒருத்தி ஆரஞ்சு, ஒருவன் ஆப்பிள். சனோபர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அதற்காகவே எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் எடுப்பது மரியாதைக்கு. எடுத்து வைத்துக்கொண்டு தொடாமல் எழுந்து போவதும் எங்களிடம் மரியாதைதான். பதினொரு மடியில் பதினொரு தட்டு இருந்தது. ஒருவரும் கத்தியைத் தொடவில்லை.

சனோபர் காத்திருந்தாள். தேநீர் வந்தது. தேநீர் ஆறியது. வெயிலைப் பற்றி ஒருவர் பேசினார், மீன் வரத்தைப் பற்றிப் பேச்சு வந்து, பாதியில் நின்றது. கடலைத் தொடாமல் எங்கள் ஊரில் எதைத்தான் பேசுவது?

"வெட்டுங்க," என்றாள் சனோபர். "ஏன் யாரும் வெட்ட மாட்டேங்கறீங்க? நல்ல பழம். நானே துடைச்சேன்."

அவள் ஹைதரைப் பார்த்தாள். அவன் எழுந்து வெளியே போகப் பார்த்தான், நடுவில் அத்தனை பேர் கால் நீட்டியிருந்ததால் முடியாமல் மறுபடி உட்கார்ந்தான். அப்புறம் அவள் என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் அவள் ஒன்றுமே கேட்டதில்லை, அன்றும் வாயால் கேட்கவில்லை.

நான் ஒரு ஆப்பிளை எடுத்து நான்காக வெட்டி, ஒரு துண்டை வாயில் போட்டேன். மெல்ல மெல்ல வாய்க்குள் அது பெரிதாகிக்கொண்டே போனது. அந்த அறையில் என் பல் சத்தம் மட்டும்தான் கேட்டது. அன்றுபோல வெட்கப்பட்ட நாள் எனக்கு வேறு இல்லை. தோழிக்காக மெல்கிறேன் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அது உண்மையும்தான். ஆனால் நிமிர்ந்தபோது நாஹீத் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையோ விழுங்கிவிடப் போகிறேன், அதைத் திரும்ப வாங்க முடியாது என்பது போன்ற பார்வை. எனக்கு உள்ளே இறங்கவில்லை.

"மாமி," என்றாள் நாஹீத். "மாமி, எனக்கு அழணும்."

சனோபர் கிண்ணத்தோடு திரும்பினாள்.

"எழுவது நாளா அடக்கிக்கிட்டிருக்கேன். நீங்க சொன்னீங்க, நான் அழுதா அவர் செத்துடுவார்னு. நான் அழல மாமி. ஒரு சொட்டுகூட அழல. இனிமே என்னால முடியாது. எனக்கு மூச்சு நிக்குது."

அவள் தோளில் உடை நழுவியிருந்தது, இந்தத் தடவை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. அவள் அம்மா இந்த ஊரில் இல்லை. அவளுக்காகப் பேச அங்கே ஒருவரும் இல்லை. நான் இருந்தேன், என் வாயில் ஆப்பிள் இருந்தது.

சனோபர் கத்துவாள் என்று நினைத்தேன். கிண்ணத்தை எறிந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தோள் எலும்பை, கண்ணுக்குக் கீழே விழுந்த கருவளையத்தை, உடை மேல் இறுக்கிப் பிடித்த விரல்களை. வந்த நாளிலிருந்து பார்க்காததையெல்லாம் அப்போது பார்த்த மாதிரி இருந்தது. அவளுக்குப் பிள்ளையைப் பஞ்சில் சுற்றிப் பிழைக்க வைக்கத் தெரியும். இந்தப் பெண்ணின் மூச்சை அடக்கித் தன் பிள்ளையைப் பிழைக்க வைக்க முடியாது என்பது அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். நான் அவளிடம் கேட்டதில்லை.

கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். முழங்கால் வலியோடு, சுவரைப் பிடித்து, நாஹீதின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழு," என்றாள்.

நாஹீத் அவள் மடியில் விழுந்தாள். பிறகு வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. ஹைதர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். பெண்கள் எல்லோரும் அழுதார்கள், ஹாஜியின் மருமகன்கூட அழுதான். சனோபர் மட்டும் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"ஓதுங்க ஹாஜி."

ஹாஜி லுக்மான் காதில் சரியாக விழுந்ததா என்று தயங்கினார். அவள் மறுபடி சொல்லவில்லை. அவர் மடியிலிருந்த தட்டை எடுத்துக் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். எல்லோரும் கைகளை விரித்தோம். சனோபர் விரிக்கவில்லை. அவள் கைகள் இரண்டும் அந்தப் பெண்ணின் முதுகில் இருந்தன.