பூஞ்சை பிடிக்காத புத்தகம்

முதல் அறிகுறி ஒரு ரப்பர் பூட்ஸ். என் தங்கை வசந்தி ஒன்றைக் காலில் மாட்டியிருந்தாள். மற்றதைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அம்மா கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டார். அவள் அசையவில்லை. நான் பள்ளிக்குக் கிளம்பும்போதும் அந்த பூட்ஸ் அவள் கையிலேயே இருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பா இல்லை. நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. வசந்திக்கு இருபது வயது; ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போனவள். புத்தகத்தைக் கண்டால் எட்ட நிற்பாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருக்கலாம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தப்பை மறைத்து எழுதினால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

அவள் சாப்பாட்டை விட்டாள். பிறகு பேச்சை விட்டாள். லயத்து வீடுகளில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காதல் தோல்வி என்றார்கள், காற்றுக் கருப்பு என்றார்கள். அம்மா கோயிலில் கயிறு வாங்கிக் கட்டினார். ஒருநாள் சுவரைப் பார்த்தபடியே வசந்தி சொன்னாள், "நான் இல்லாட்டி ஒங்களுக்கு லேசா இருக்கும் லா." அன்றே பஸ் பிடித்து அவளைத் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண். நிதானமாக எல்லாம் கேட்டார். மனச்சோர்வு (சாதாரணக் கவலை அல்ல, பசி, தூக்கம், ஆசை மூன்றையும் வற்றச் செய்கிற நோய்) என்றார். மாத்திரை கொடுத்தார்.

"டீச்சர், இது சோம்பல் இல்ல, கோழைத்தனமும் இல்ல. மாத்திரை வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் எப்படியாவது சாப்பிட வைங்க. தனியா விடாதீங்க. ஆறு வாரத்துல எடை ஏறலன்னா, ஈப்போவுக்குத்தான் அனுப்பணும்."

ஈப்போ என்றால் மனநல மருத்துவமனை. அங்கே போனவர் திரும்ப மாட்டார் என்று அம்மா நம்பினார். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது.

மருத்துவர் சாப்பிட வை என்றார். நானோ படிக்க வைக்கப் போனேன். வாத்தியார் புத்தி, வேறென்ன சொல்ல.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பாய் கடை. பேட்டரிக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஓர் அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் வைத்திருப்பார்.

"தைரியம் குடுக்கிற மாதிரி புத்தகம் வேணும் பாய். தங்கச்சிக்கு."

"தங்கச்சி படிக்குமா?"

"படிக்க வச்சிருவேன்."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஐந்து புத்தகங்கள் எடுத்துத் தந்தார். வறுமையில் பிறந்து உயர்ந்தவர்கள், கால் இழந்தும் ஓடியவர்கள், தோல்வியை மிதித்து ஏறியவர்கள். அட்டை மடங்காமல் இருக்க, கட்டுக்கு அடியில் விற்காத மெல்லிய புத்தகம் ஒன்றை வைத்துக் கயிறு போட்டார். அது கோழி வளர்ப்பு.

ஐந்திலும் முக்கியமான வரிகளுக்குச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டேன். கட்டிலருகே பலகையில் ஆறையும் அடுக்கினேன். தினமும் பள்ளி விட்டு வந்ததும், "எத்தனை பக்கம் ஆச்சு?" என்று கேட்பேன். அவள் போர்வையை இழுத்துக்கொள்வாள். முதல் வாரம் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கால் இழந்தவன் ஓடிய கதையை நானே சத்தமாகப் படித்தேன். கஞ்சி ஆறியதுதான் மிச்சம். எடை இன்னும் இறங்கியது.

எங்கள் மலையில் மூடுபனி வீட்டுக்குள்ளும் வரும். பத்து நாள் தொடாத புத்தகத்தின் முதுகில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். தினமும் கை படுகிற புத்தகத்தில் அது ஒட்டாது. நான்காவது வாரம் பலகையைத் துடைக்கப் போனேன். முதல் புத்தகம் பூஞ்சை. இரண்டாவது, மூன்றாவது, ஐந்துமே பூஞ்சை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒனக்காக ஒவ்வொரு வரியா கோடு போட்டேனே, தொட்டுக்கூடப் பாக்கலையா? எந்திரிக்கணும்னு நெனப்பே இல்லையா ஒனக்கு?"

அவள் அழவில்லை. வெறுமனே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறாவதைக் கோபத்தோடு இழுத்தேன். அது சுத்தமாக இருந்தது. ஓரங்கள் கைபட்டு மெத்தென்று ஆகியிருந்தன. நடுவில் அடையாளத்துக்கு ஒரு கம்பளி நூல். பிரித்தால், நோய்ப்பட்ட கோழியைப் பார்த்துக்கொள்வது பற்றிய பக்கம். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இதையா படிச்ச?"

போர்வையை விலக்கிவிட்டுப் பேசினாள். இரண்டு வாரத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அது.

"அந்த புத்தகத்துல எல்லாரும் எந்திரிச்சு ஓடுறாங்கக்கா. நீ ஏன் ஓடலன்னு என்னையக் கேக்குறாங்க. இதுல கோழி படுத்துக் கெடந்தா யாரும் கோவிக்கல. சாக்கு போடச் சொல்றாங்க. தண்ணி கிட்ட வைக்கச் சொல்றாங்க. நாளைக்கு வந்து பாருன்னு சொல்றாங்க. அவ்வளவுதான் லா."

அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். காற்று அடிக்காத மூலை, வெதுவெதுப்பு, அலகுக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர், கரைத்த தீவனம் கொஞ்சம் கொஞ்சமாக. அடிக்கடி தூக்கிப் பார்க்கக் கூடாது. கோழிக்குத் தைரியம் சொல்லும்படி எங்கும் எழுதவில்லை.

அன்றிலிருந்து அதையே செய்தேன். ஐந்து புத்தகங்களையும் பெட்டியில் போட்டு மூடினேன். கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்தினேன். அரைக் கிண்ணம் கஞ்சியை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்தேன். தனியாக விடவில்லை, அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவோ நானோ இருந்தோம். முதல் நாள் கிண்ணம் அப்படியே இருந்தது. மறுநாள் இரண்டு கரண்டி குறைந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

ஆறாவது வாரம் தராசு முள் கொஞ்சம் நகர்ந்தது. மருத்துவர் ஈப்போவைப் பற்றிப் பேசவில்லை. மாத்திரையும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. எதனால் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் இரண்டு பூட்ஸும் காலில் இருந்தன. மறு வருடம் நோய் திரும்பவும் வந்து எட்டிப் பார்த்தது. நாங்கள் திரும்பவும் சாக்கு விரித்தோம்.

வசந்தி கோழி வளர்த்தாளா என்று கேட்பீர்கள். ஒன்றுகூட வளர்க்கவில்லை. அந்த நாற்றமே அவளுக்கு ஆகாது. திருமணமாகிக் கம்போங் ராஜாவில் கணவரோடு பூந்தோட்டம் போட்டிருக்கிறாள். இப்போதும் புத்தகம் படிப்பதில்லை.

போன வருடம் எனக்குக் கருப்பை நீக்கம் (கட்டி வளர்ந்த கருப்பையை வயிற்றைக் கீறி எடுக்கும் அறுவை சிகிச்சை) நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் எழ முடியவில்லை. வயிற்றில் தையல், அதற்குக் கீழே ஒரு வெறுமை. ஓடியாடிய உடம்பு யாருடையதோ போல் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் தைரியமாக இருங்கள் டீச்சர் என்றார்கள். ஒவ்வொருவர் போன பிறகும் இன்னும் களைத்தேன்.

வசந்தி வந்தாள். என் கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்தினாள். போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள். தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்து, என் கையைப் பிடித்து நீட்டி, எட்டுகிறதா என்று பார்த்தாள். ஓர் அங்குலம் கிட்டே நகர்த்தினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்காதது போல் அடுத்த அறைக்குப் போனாள்.

"நாளைக்கு வந்து பாக்குறேன்க்கா," என்றாள் அங்கிருந்து. கதவை மூடவில்லை.