சுவருக்கு மேலே ஒரு குழாய்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, பக்கத்து வீட்டில் குடியிருக்கும் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டும் அண்ணன், அவர் மனைவி, மின்சார பில்லோடு வந்த எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா, அதாவது கிராணி. என் ஏர்கோனையும் சேர்த்தால் ஆறு. அதற்கு மட்டும்தான் வியர்க்கவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கு ஒரு மீட்டர். மாதம் அறுபது ரிங்கிட் வரும், வீட்டுக்கு முப்பது. இந்த மாதம் இருநூற்று அறுபத்து நான்கு. சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வயரை வெட்டிவிடுவோம் என்றார் கிராணி. பின்பக்கம் ஏதாவது குறைகிறதா என்று பில்லைத் திருப்பிப் பார்த்தேன்.

அப்பா காலத்தில் இந்த மலையில் பகலிலேயே ஸ்வெட்டர் போடுவோம். குளிர் நுழையக் கூடாதென்று சன்னல்களுக்கெல்லாம் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். இப்போது மதியத்தில் தகரக் கூரை ஆளை வறுக்கிறது. மனைவிக்கு ஏழு மாதம். வெக்கையில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து ரிங்லெட் டவுனில் ஒரு பழைய ஏர்கோன் வாங்கினேன். சக்கரம் வைத்தது, பின்னால் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். அதில் சூடு வரும், வெளியே விடுங்கள் என்றார் கடைக்காரர். சன்னல்தான் திறக்காதே! இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் கூரைவரை போகாது. குழாயை அதன்மேல் தூக்கி வைத்தேன். சூடு கூரை இடுக்கு வழியாகப் போய்விடும் என்று கணக்கு. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். இந்தப் பாடம் நான்காம் படிவத்தில் இருந்ததோ என்னவோ.

மூன்று வாரமாக அண்ணன் புலம்பினார்.

"உலகமே சூடாயிருச்சு தம்பி. வீட்டுக்குள்ள இருக்க முடியல லா."

ஒரு காத்தாடி வாங்கினார். அப்புறம் இன்னொன்று. "ஆமாண்ணே, காலம் கெட்டுப்போச்சு" என்று நானும் ஒத்துப் பாடினேன், சில்லென்று உட்கார்ந்துகொண்டு.

அன்றைக்கு அவர் மனைவி, அக்காதான் நிமிர்ந்து பார்த்தார். "அது என்னங்க, சுவத்து மேல?"

அண்ணன் நாற்காலியில் ஏறி, அந்தப் பக்கம் எட்டி, குழாயின் வாயில் முகத்தைக் காட்டினார். தலைமுடி பறந்தது.

"டேய், உலகம் இங்கதான்டா இருக்கு! ஒன் வீட்டுச் சூட்டையெல்லாம் என் வீட்ல கொட்டிட்டு எங்கிட்டயே காலம் கெட்டுப்போச்சுன்னியா?"

"கூரை வழியா போயிரும்னு நெனச்சேண்ணே."

"நீ சொன்னதும் எந்திரிச்சுப் போக அது என்ன ஒன் மாமனாரா?"

கிராணி பில்லால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மனைவி சுத்தியலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். சன்னல் பலகையைப் பெயர்த்தேன். அப்பா காலத்துத் தூசியோடு தேயிலைக் காட்டுக் காற்று உள்ளே வந்தது. பழைய குளிர் இல்லை. ஆனாலும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"சார், இதுக்கும் பில் வருமா?" என்று கிராணியைக் கேட்டாள்.

வயரை வெட்டாமலிருக்க அக்கா தன் சீட்டுப் பணத்தை எடுத்து அன்றே முழுதையும் கட்டினார். தங்கள் பங்கு வழக்கமான முப்பதுதான் என்றார் அண்ணன். காத்தாடிகள் ஓடியதும் என்னால்தானாம். மீதி என் தலையில், அதில் நூறு கொடுத்துவிட்டேன். ஏர்கோன் விலைபோகவில்லை, மனைவி அதன்மேல் துணி மடித்து வைக்கிறாள். அக்காவுக்குப் பாக்கி இன்னும் நூற்று முப்பத்து நான்கு ரிங்கிட்.