டயரைத் தொட்டுப் பாராமல் புறப்படாத அண்ணன்

அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்து, இலையில் அமர்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கிறீர்கள். அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னபோது, எதை எழுதுவது, எதை விடுவது என்று திகைத்துப் போனேன். "அத்தை, நீங்க பேசுற மாதிரியே எழுதுங்க, போதும்லா" என்றான் அவருடைய மூத்த மகன். பேசுவதற்கு எனக்குச் சொல்லியா தர வேண்டும்? ஒரே ஒரு காலைப் பொழுதை விரிவாகச் சொல்கிறேன். அண்ணன் எப்பேர்ப்பட்ட மனிதர் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அண்ணன் கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிறந்தார். நான் அவருக்கு ஒரே தங்கை. அண்ணன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அப்பா சைக்கிளில் மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் கால்வாயில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். பிரேக் கட்டை தேய்ந்துபோனது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்றே இருந்துவிட்டோம். அப்பாவால் பிறகு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போக முடியவில்லை. அண்ணன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அப்பாவின் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். என்னை வளர்த்ததும் மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். பிறகு அண்ணியுடன் அவரும் அதே தோட்டத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் வீட்டில் ஒன்று நிற்கும், அவ்வளவுதான். லயத்தில் முதன்முதலில் மோட்டார் வாங்கியவர் எங்கள் அண்ணன். பழைய மோட்டார், வண்ணம் உரிந்தது. ஆனால் அதை வெளியே எடுக்கும் முன் அவர் செய்யும் சடங்கு இருக்கிறதே, அப்பப்பா. டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். சங்கிலியை விரலால் தூக்கிப் பார்ப்பார். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளிப் பார்ப்பார். விளக்கையும் ஹாரனையும் போட்டுப் பார்ப்பார். அது முடிந்ததும் தன்னைத் தயார் செய்வார். காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்கக் கனத்த சட்டை ஒன்றை முன்பின்னாக மாட்டிக்கொள்வார். கால்சட்டை சங்கிலியில் சிக்காமல் டியூப் துண்டால் கட்டிக்கொள்வார். வெறும் வயிற்றோடு கிளம்பமாட்டார். என்றாவது கள்ளுக்கடைப் பக்கம் போய்விட்டால் மோட்டாரைத் தள்ளிக்கொண்டேதான் வீடு வருவார்.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்கவா போற? இவ்ளோ அலங்காரம்?" என்று தோட்டத்து ரப்பர் பால் ஏற்றும் லாரிக்காரர் கேலி செய்வார்.

"நீங்க முன்னால போங்கண்ணே, நான் பின்னால வந்து சேந்துர்றேன்" என்பார் அண்ணன். கோபமே வராது.

மோட்டார் வாங்கிய வருஷம் ஆயுத பூசை வந்தது. பால் வெட்டும் கத்தி, வாளி, கோடாரி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். மோட்டாருக்கு அது முதல் பூசை. அண்ணன் கோயில் வேலையாகப் போயிருந்தார். அண்ணிக்கு மோட்டார் மேல் அவ்வளவு பெருமை. சாமி சிலைக்கு எண்ணெய்க்காப்பு போடுவது போல, தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தொட்டு வண்டி முழுக்கத் தடவி, டயரையும் விடாமல் பளபளவென்று கறுப்பாக்கிவிட்டார். மாலையும் போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தோம். லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் காலை என் மகன் குமரனுக்கு வலிப்பு வந்தது. இரண்டு வயதுப் பிள்ளை. இரவெல்லாம் இருந்த காய்ச்சல், பொழுது விடிந்ததும் கண்ணைச் செருக வைத்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பார்த்துவிட்டு, "இங்க வச்சிக்கிட்டு இருக்காதம்மா, சுங்கை பட்டாணி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். என் வீட்டுக்காரர் பாடாங் மேஹாவில் தம் தாயாரைப் பார்க்கப் போயிருந்தார். பால் லாரியும் கிளம்பிப் போய்விட்டது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வாசலில் போய் விழுந்தேன்.

அண்ணன் மாலையைக் கழற்றினார். டயரில் கை வைத்தார். உள்ளங்கை மின்னியது. பிறகு அண்ணியிடம், "அடுப்புச் சாம்பலும் தேங்கா நாரும் கொண்டா. சோப்புத் தண்ணியும்" என்றார்.

எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. "புள்ள உசுரு போவுது, உங்களுக்கு டயர் கழுவுறதா பெருசு? சாமி கும்பிட்ட வண்டிதானே, எடுங்கண்ணே" என்று கத்தினேன். பெற்றவள் அப்படித்தான் கத்துவாள்.

"மழை பேஞ்சிருக்கு தங்கச்சி. இப்படியே எடுத்தா மூணு பேரும் போய்ச் சேரமாட்டோம்" என்றார் அண்ணன். குரலை உயர்த்தவில்லை. எண்ணெய்ச் சட்டியைத் தேய்ப்பது போல இரண்டு டயரையும் சாம்பல் போட்டுத் தேய்த்தார். அண்ணி அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினார். அதன் பிறகும் விடவில்லை, பிரேக்கைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். சட்டையை முன்பின்னாக மாட்டினார். பிள்ளையை என் நெஞ்சோடு சேர்த்துத் துண்டால் கட்டினார். என் முந்தானையைச் சுற்றிச் சொருகச் சொல்லி, சக்கரத்தின் பக்கம் துணி தொங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். நான் வாயில் வந்தபடியெல்லாம் ஏசினேன். அத்தனையையும் கேட்டுக்கொண்டேதான் செய்தார்.

செம்மண் சடக்குப் பாதை மழையில் வழுக்கியது. தோட்டத்து எல்லையில் இறக்கம், இறக்கத்தின் அடியில் பலகைப் பாலம். பாலத்துக்குக் கைப்பிடி கிடையாது, கீழே மழைத்தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. நாங்கள் பாதி இறக்கத்தில் வரும்போது, எதிரே விறகுக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று பாலத்தில் ஏறிவிட்டது. ஒதுங்க இடமில்லை. அண்ணன் பிரேக்கைப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது முன்சக்கரம் பாலத்தின் முதல் பலகைக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருந்தது. விறகு லாரிக்காரர் பின்னால் நகர்ந்து வழிவிட்டார். அண்ணன் காலை ஊன்றிக்கொண்டார். திரும்பாமலே, "பிள்ள மூச்சு விடுறானா பாரு" என்றார். "விடுறான் அண்ணே" என்றேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நான் வாயே திறக்கவில்லை.

குமரன் பிழைத்தான். அவனோடு நாங்கள் வீடு திரும்பியபோது அண்ணி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "அடுத்த வருஷம் மோட்டார் விளக்குல ஒரு பொட்டு வைய்யி. போதும்" என்றார். அதற்குப் பிறகு வந்த ஆயுத பூசைக்கெல்லாம் அந்த ஒரு பொட்டுத்தான்.

பின்னர் தோட்டம் கைமாறி, எல்லோரும் சுங்கை பட்டாணிக்குக் குடிவந்தோம். அண்ணன் பிள்ளைகளைப் படிக்க வைத்தார், கோயில் காரியம் பார்த்தார், யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதலில் போய் நின்றார். வயதான பிறகும் மோட்டாரை விடவில்லை. ஒருநாள் காலை வழக்கம்போல் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தவர், எதிரே தெருவைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு இறங்கி, சாவியை மகன் கையில் கொடுத்தார்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல. கண்ணு மங்குது" என்றார்.

யாரும் அவரைப் போகாதே என்று சொல்லவில்லை. தன்னையும் அவரே சோதித்துப் பார்த்துக்கொண்டார். அதிலிருந்து ஓராண்டுக்குள் படுக்கையில் விழுந்து, அண்ணி பக்கத்தில் இருக்கும்போதே அமைதியாகக் கண்மூடினார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அண்ணனை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பந்தல் போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், துக்க வீட்டுக்கு மூன்று நாளும் தேநீரும் காலைப் பசியாறலும் அனுப்பிய மெர்போக் பாய் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். அண்ணனைக் கொண்டு போக வந்த வண்டியின் ஓட்டுநர். பெட்டியை ஏற்றியாகிவிட்டது, ஐயர் நேரமாகிறது என்கிறார். அப்போது என் மகன் குமரன், தலை நரைத்த ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, அந்த வண்டியின் டயர் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தான். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, கைகட்டி நின்றார். அன்று அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை, நானும்தான்.